வேறு துறை ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி

தமிழ் இலக்கியம் படித்தவர் கையில் ஒரு மருந்துச் சோதனைக் கட்டுரையோ, இயற்பியல்காரர் கையில் ஒரு கல்வெட்டுக் கட்டுரையோ அகப்பட்டால், சுருக்கத்தைப் படித்துவிட்டு நேரே முடிவுரைக்குத் தாவுவார்கள். சொந்தத் துறையில் அது செல்லும், நடுவில் என்ன இருக்கும் என்று தெரியுமே. அயல் துறையில் நடுப்பகுதிதான் கட்டுரை. எதைச் சான்று என்று ஏற்கிறார்கள், எவ்வளவு இருந்தால் போதும் என்கிறார்கள் என்பது துறைக்குத் துறை மாறும்.

முதல் பத்து நிமிடம் உள்ளே போகாமல் வெளிப்புறத்தைப் பாருங்கள். ஆசிரியர் வரிசையில் தொடங்கலாம். உயிரியல், மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகர வரிசைதான். முன்னால் நிற்பதில் தனிப் பெருமை இல்லை. துகள் இயற்பியலில் வரிசையைப் பார்ப்பதே வீண். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி, ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களுமே.

அடுத்து, எங்கே வெளிவந்தது என்று பாருங்கள். கணினியியலில் பெரிய மாநாட்டுக் கட்டுரைக்கு முதல் மரியாதை. மருத்துவத்தில் மாநாட்டுச் சுருக்கம் என்பது பாதி வெந்த சோறு. வரலாற்றில் முழு நூல்தான் எடை. இயற்பியலும் கணிதமும் 1990களின் தொடக்கம் முதல் ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்பு, அதாவது ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முந்தைய படி, போட்டுப் பழகியவை. அங்கே ஒரு கட்டுரை இருப்பது சாதாரணம். மருத்துவ முன்பதிப்பை நம்பி மட்டும் எதையும் விழுங்க வேண்டாம்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் 12 குழந்தைகளை வைத்து 1998இல் வந்தது. திரும்பப் பெறப்பட்டது 2010இல். முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப்பில் அந்த அறிவிப்பு இருக்காது. கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் தட்டி, ஆய்விதழின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள்.

இனி சொற்கள். புரியாத சொல்லால் ஆபத்து குறைவு, அகராதியைப் பார்த்துவிடுவோம். புரிந்ததுபோல் இருக்கும் சொல்தான் காலை வாரும். வானியலாளருக்கு ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எல்லாம் உலோகம், ஆக்சிஜன் உட்பட. புள்ளியியலில் பிழை என்றால் யாரோ தவறு செய்தார்கள் என்று பொருளில்லை, அளவில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கம்தான். தமிழில் படிப்பவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: கூறெடுத்த நூறு பேரும் 'மாதிரி', பொருளியலாளரின் சமன்பாடும் 'மாதிரி'. எந்த மாதிரி என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.

அளவுகோல்களும் வேறு வேறு. துகள் இயற்பியலில் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும்: வெறும் தற்செயலால் அப்படியொரு அளவு கிடைக்க ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. மருத்துவத்திலும் உளவியலிலும் வழக்கமான கோடு 0.05, அதாவது இருபதில் ஒன்று. இருவரும் 'முடிவு உறுதி' என்று எழுதலாம். ஒரே உறுதி அல்ல.

மருந்துச் சோதனை என்றால் முறைப்பகுதியில் பதிவு எண்ணைத் தேடுங்கள். இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் சோதனைகளை சிடிஆர்ஐ என்ற தேசிய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். பதிவேட்டைத் திறந்து, எதை முதன்மையாக அளக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள் என்று பாருங்கள். இரத்த அழுத்தம் என்று பதிந்துவிட்டு, கட்டுரையில் தூக்கத்தின் தரத்தை முன்னே நிறுத்தினால் அழுத்தம் குறையவில்லையோ என்று சந்தேகப்படலாம். பிறகு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எண்ணுங்கள். 'ஆபத்து 50% குறைந்தது' என்றால் உடனே மூல எண்ணைத் தேடுங்கள். நூற்றுக்கு இருவர் ஒருவராவதும் 50% தான். ஒருவர் பிழைக்க நூறு பேர் மருந்து சாப்பிட வேண்டும். மருந்து சாப்பிட்டவர் ஆபத்துக்கும் சாப்பிடாதவர் ஆபத்துக்கும் உள்ள விகிதம் 0.80, நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0.62 முதல் 1.03 வரை என்றால், வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1 உள்ளே அகப்பட்டுக்கொண்டது. பலனே இல்லாமலும் இருக்கலாம். வரைபடத்தின் பிழைக் கோடுகள் குட்டையாக இருந்தால் அடியில் உள்ள விளக்கத்தைப் படியுங்கள். 25 பேர் தரவில் திட்டப் பிழை (சராசரி எவ்வளவு ஊசலாடும் என்பது), திட்ட விலக்கத்தின் (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின்) ஐந்தில் ஒரு பங்குதான். குட்டைக் கோடு அழகாகத் தெரியும் என்பதற்காகவே அதைப் போடுபவர்கள் உண்டு.

கணிதக் கட்டுரையில் வரையறைகள், முதன்மைத் தேற்றம், அதற்குமுன் வைத்த நிபந்தனைகள், இவ்வளவு போதும். நிறுவலை அத்துறையார்கூட ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நகர்த்துவது உண்டு. கட்டுரை 1950இல் வந்தது என்று தள்ளிவிடாதீர்கள், தேற்றம் ஊசிப்போகாது.

கல்வெட்டுக் கட்டுரையில் எல்லாம் தலைகீழ். இங்கே அடிக்குறிப்பில்தான் உயிர். உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுங்கள். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று தொடங்கி, யாண்டு பதினாலாவது, அதாவது அரசனின் 14ஆம் ஆட்சியாண்டு, என்கிறது. கட்டுரைகள் தரும் கி.பி. 921 என்ற ஆண்டு கல்லில் எங்கும் இல்லை. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியதால் 'பரகேசரி' மட்டும் இருந்தால் ஆள் யாரென்று தீராது. 'மதிரை கொண்ட' என்பதை வைத்துத்தான் முதலாம் பராந்தகன் என்கிறார்கள். அவன் 907இல் பட்டமேறினான் என்று கொண்டு, 14 கூட்டினால் 921. பட்டமேறிய ஆண்டை ஒருவர் நகர்த்தினால் அவன் காலத்துக் கல்வெட்டுகள் எல்லாம் கூடவே நகரும். ஆகவே கட்டுரையில் ஆண்டைப் பார்த்தால், கல்லில் உள்ளதா, கணக்கில் வந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பதிப்பில் சதுர அடைப்புக்குள் உள்ள எழுத்துகள் பொதுவாகக் கல்லில் தெளிவில்லாதவை; குறிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், முன்னுரையைப் பாருங்கள். வாதம் முழுவதும் ஓர் அடைப்புக்குறிச் சொல்லில் தொங்கினால் மைப்படியின் (கல்லின் மேல் தாள் ஒற்றி மையில் எடுத்த படியின்) படம் தந்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

இதற்குப் பிறகும் சிக்கினால் துறைக்காரரிடம் கேளுங்கள். 'இந்தக் கட்டுரை சரியா?' என்று கேட்டால் பதில் வராது. '2ஆம் அட்டவணையில் 412 பேர், 3ஆம் அட்டவணையில் 389 பேர், மீதி 23 பேர் எங்கே?' என்று கேட்டால் வரும்.