ரமோன்ஸ் போல கிட்டார் வாசிக்க: எல்லா அடியும் கீழ்நோக்கித்தான்

மூன்று கார்டுதானே (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதுதான் கார்டு), ஒரு மாலையில் பழகிவிடலாம் என்று நினைத்து ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் பேண்டின் பாட்டை எடுக்கிறவர்கள் பலர் இரண்டு நிமிஷம் தாண்டுவதற்குள் கை மரத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். இடது கைக்கு அதில் பெரிய வேலை இல்லை, கஷ்டமெல்லாம் வலது கையில். 1974இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உருவான இந்த பேண்டில் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் ஏறக்குறைய முழுக்க டவுன்ஸ்ட்ரோக்கிலேயே, அதாவது கம்பிகளைக் கீழ்நோக்கி மட்டும் அடித்தே வாசித்தார். மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் ஒன்று கனமாகவும் அடுத்தது மெலிதாகவும் விழும். எல்லாமே கீழ்நோக்கி விழும்போதுதான் அந்த இரைச்சல் ஒரே சீராக, மூச்சு விடாமல் வரும்.

'பிளிட்ஸ்க்ரீக் பாப்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஏ, டி, இ மூன்றையும் பார் கார்டாக, அதாவது ஒரு விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 175 பீட், பீட்டுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 120இல் வைத்து, பிக்கின் (கம்பியை மீட்டும் சின்னத் தகட்டின்) நுனி மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, முழங்கையை இறுக்காமல் மணிக்கட்டிலிருந்து சின்னச் சின்னதாக அடியுங்கள், இரண்டு நிமிஷம் தடுமாறாமல் வந்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். முன்கை சூடாகிக் களைப்பது சகஜம். வலித்தால் அன்றைக்கு அதோடு போதும்.

அப்புறம் சவுண்ட். ஜானியிடம் இருந்தது மாஸ்ரைட் கிட்டாரும் மார்ஷல் ஆம்பும். பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை எடுத்து ஆம்புக்கு அனுப்பும் பாகத்தை, வைத்துக்கொண்டு ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அளவாக வையுங்கள், மெட்டல் அளவுக்கு ஏற்றினால் கார்டு குழைந்துபோய் அடி தனித்தனியாகக் கேட்காது.

1976இல் வந்த முதல் ஆல்பம் இதற்கு அருமையான வாத்தியார். 14 பாட்டு, அரை மணி நேரம் கூட இல்லை. அதில் கிட்டார் ஒரு காதிலும் பேஸ் மறு காதிலும் வரும்படி மிக்ஸ் செய்திருக்கிறார்கள். ஹெட்போனில் கிட்டார் பக்கத்தை மட்டும் கேட்டு அடிகளைப் பிடியுங்கள், பிறகு அதை அணைத்துவிட்டு, பேண்டின் பேஸ் கிட்டாரிஸ்ட் டீ டீயின் பேஸோடு நீங்கள் வாசியுங்கள். எங்கே பிந்துகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

சரி, ஒரு பாட்டு வந்துவிட்டது என்றால் இரண்டைச் சேர்த்து வாசியுங்கள். மேடையில் ஒரு பாட்டு முடிந்த கையோடு டீ டீ "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று கத்துவார், அடுத்தது தொடங்கிவிடும், அதுவும் ஆல்பத்தை விட வேகமாக. நீங்களும் நடுவில் கையை உதறக்கூட நேரம் எடுக்காமல் எண்ணிவிட்டு அடுத்ததில் இறங்குங்கள்.