செத்துப்போன லெப்டொப், எள்ளளவு கெப்பாசிட்டர்

தங்கச்சியின் லெப்டொப் ஒரு காலையில் அப்படியே செத்துப்போனது. சார்ஜரைச் செருகினால் சார்ஜரின் விளக்கே அணைந்துவிடும். கடையில் உள்ளே இருக்கும் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளவத்தை வீட்டில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் பற்றரியைக் கழற்றினேன், இதை மறக்கவே கூடாது. அப்புறம் 19 வோல்ட் வரும் பிரதான லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் மின்தடை வெறும் 0.4 ஓம், அதாவது எங்கேயோ ஷோர்ட், கரண்ட் நேராகக் கிரவுண்டுக்கே போய்விடுகிறது, ஆனால் அந்த லைனில் மின்னைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மாதிரி வரிசையாக இருக்கின்றன, கண்ணால் பார்த்து எது என்று சொல்லவே முடியாது.

போர்டில் ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தடவிவிட்டு, வோல்ட்டையும் கரண்டையும் நாமே அளவாக வைக்கக்கூடிய பவர் சப்ளையிலிருந்து அந்த லைனுக்கு 1 வோல்ட் மட்டும், கரண்டை 3 அம்பியருக்கு மேல் போகவிடாமல் கொடுத்தேன். பழுதான பாகம் சூடாகும், அதன் மேல்தான் ஈரம் முதலில் காயும். சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்தில் எள்ளளவு கெப்பாசிட்டர் ஒன்றைச் சுற்றி ஈரம் வட்டமாக விலகியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

சூட்டுக்காற்றால் அதைக் கழற்றியதும் ஷோர்ட் போய்விட்டது. சர்க்கிட் வரைபடத்தில் 10 மைக்ரோபரட், 25 வோல்ட் என்றிருந்தது, பழைய போர்ட் ஒன்றிலிருந்து அதே அளவில் எடுத்துப் பற்றவைத்தேன். சரி, சார்ஜரைச் செருகினேன். விளக்கு அணையவில்லை. பட்டனை அமுக்க விசிறி சுற்றியது.