புதிய வீட்டில் கூடுதல் வசதிகள்: டர்பன் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் போன்ற ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டும் நம்மவர்கள், கட்டுமான விலையைக் கறாராகப் பேசி முடித்துவிட்டு, அதற்குப் பின் வரும் ‘எக்ஸ்ட்ரா’ பட்டியலில் தாராளமாகிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறு தொகைதான். ஆனால் அதை வீட்டுக் கடனோடு சேர்த்துவிட்டால், சமையலறை விளக்கொன்றுக்கும் இருபது ஆண்டு வட்டி கட்ட நேரிடும்.

அந்தப் பட்டியலில் கண்ணுக்குத் தெரிவனவற்றை முதலில் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அலங்கார விளக்கு, கூரையோரக் கார்னிஸ், விலையுயர்ந்த குழாய்த் திருகு ஆகியவற்றை எந்த ஆண்டிலும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகவேண்டியவை அப்படியல்ல. பின்னாளில் மின்கம்பி செலுத்துவதற்கென, பூச்சு வேலைக்கு முன் சில நூறு ரேண்டில் முடியும் காலிக் குழாய் ஒன்றைப் பிறகு வைக்கவேண்டுமானால், சுவரை வெட்டி, பூசி, அறை முழுவதற்கும் மறுபடி வண்ணம் அடிக்கவேண்டும். மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2023ஆம் ஆண்டில் இன்வெர்ட்டர் வைத்த பல வீடுகளில் வெளிச் சுவர் நெடுக வெள்ளைக் குழாய்கள் ஓடுவதை இன்றும் காணலாம். சூரியத் தகடும் மின்கலமும் வாங்க இப்போது பணம் இல்லையென்றால் வாங்கவேண்டாம். கூரையிலிருந்து மின் விநியோகப் பெட்டி வரை அகலமான காலிக் குழாய் ஒன்றையும், விளக்கு, குளிர்பதனப் பெட்டி, இணையம் ஆகியவற்றுக்குத் தனி மின்சுற்றையும் மட்டும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சூரிய ஒளியால் நீரைச் சூடாக்கும் கீசரை ‘எக்ஸ்ட்ரா’ என்று யாராவது விலை சொன்னால் சற்று நிதானிக்கவேண்டும். 2011 முதல் நடப்பிலுள்ள கட்டட விதிகளின்படி, புதிய வீட்டின் வெந்நீர்த் தேவையில் ஆண்டுச் சராசரியாகக் குறைந்தது பாதியையாவது மின் சூடேற்றிக் கம்பி அல்லாத வேறு வழியில் நிறைவேற்றவேண்டும். ஆகவே சூரியக் கீசரோ, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் வெப்ப பம்போ அடிப்படை விலைக்குள்ளேயே இருக்கவேண்டிய ஒன்று. அதற்குத் தனியாகப் பணம் கேட்பவரிடம், விதியை எப்படி நிறைவேற்றுவதாகத் திட்டமிட்டிருந்தார் என்று கேட்கலாம்.

திசையைப் பற்றி நம் வீடுகளில் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அச்சான வீட்டு வரைபடங்களைப் பார்த்துவிட்டுத் தெற்குப் பக்கம் வெயிலுக்கு அஞ்சித் தடுப்பு வைப்பது இங்கே பொருந்தாது. டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் உள்ளது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு மேல் வந்துவிடும். எனவே வடக்குச் சன்னல்களுக்கு மேல் அளவான சன்ஷேட் ஒன்று போதும்: கோடையில் நிழல் தரும், குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடும். மேற்குச் சன்னலுக்கு அது உதவாது, ஏனெனில் மாலை வெயில் தாழ்வாக வரும். அங்கே சன்னலைச் சிறிதாக்குவதே செலவில்லாத வழி. சூரியத் தகடுகளுக்கும் வடக்குச் சரிவுதான் வேண்டும். தோற்றத்துக்காகக் கூரையைப் பல சரிவுகளாக உடைக்கும் வரைபடத்தில் தகடு வைக்க ஒழுங்கான இடமே மிஞ்சாது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம் ஒவ்வொன்றும் பின்னாளில் ஒழுகக்கூடிய இடமும் ஆகும். இப்படிப்பட்ட கூரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இன்றித் தவித்ததற்குப் பிறகு, தண்ணீர்த் தொட்டி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கும் முறையில்தான் தவறு நேர்கிறது. 5,000 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஐந்து டன். புதிதாக மண் கொட்டி நிரப்பிய இடத்தில் அதை வைத்தால் ஒரு பக்கம் அமிழும். கான்கிரீட் மேடையை வீட்டின் தரைக்குக் கான்கிரீட் போடும் நாளிலேயே போட்டுவிடுவது மலிவு. 100 சதுர மீட்டர்க் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 2,500 லிட்டர் கிடைக்கும் என்பதால், கூரைநீர்க் குழாய்கள் தொட்டி இருக்கப்போகும் மூலையில் இறங்குமாறு வரைபடத்திலேயே குறித்துவிடவேண்டும். மழைநீர் குடிநீர்க் குழாயில் கலக்காதபடி கழிவறைக்கும் தோட்டத்துக்கும் தனிக் குழாய் இருக்கட்டும்.

விளக்கு வைக்கும் அறைக்குப் பளிங்கு பதிக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், அங்கே திறக்கக்கூடிய சன்னலும் புகை வெளியேற்றும் விசிறியும் வைக்க. இவை இல்லாத அறையில் கற்பூரப் புகை, விளக்குக்கு நேர் மேலே கூரையில் கருவட்டமாகப் படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு கையில் ஒட்டும். அதன் மேல் அடிக்கும் வண்ணமும் நிற்காது. பெரிய பானை வைத்துச் சமைக்கும் குடும்பங்கள் உள்ளே இரண்டாவது அடுப்பு மேடை கட்டுவதைவிட, பின்புறம் கூரையிட்ட இடம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி ஆகிய மூன்றை மட்டும் கேட்டால் போதும். வெயில் படாத தெற்கு வெளிச் சுவரோடு ஒட்டி உடுப்பு அலமாரி கட்டினால், டர்பனின் ஈரக்காற்றில் அதன் பின்பலகை பூஞ்சை பிடிக்கும். கடலோரமென்றால் இரும்புச் சன்னல் வேண்டாம். நீச்சல் குளமோ, வாங்கும் விலையோடு முடிவதில்லை: குறைந்தது 1.2 மீட்டர் உயர வேலி சட்டப்படி வேண்டும், பம்புக்கு மின்சாரமும் மாதந்தோறும் மருந்தும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் டைல்ஸுக்கும் குளியலறைப் பொருள்களுக்கும் ஒதுக்கியிருக்கும் தொகையைப் படிக்காமல் கையெழுத்திடுவது இன்னொரு வழக்கமான தவறு. சதுர மீட்டருக்கு எவ்வளவு ரேண்ட் என்று பார்த்துக்கொண்டு, அந்த விலைக்குக் கடையில் என்ன டைல்ஸ் கிடைக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே நேரில் பார்த்துவிடவேண்டும். வேலை நடக்கும்போது வாய்மொழியாகச் சொல்லும் மாற்றங்களுக்குக் கடைசி பில்லில்தான் விலை தெரியவரும். ஒவ்வொன்றையும் விலையோடும் கூடுதல் நாள்களோடும் எழுதி இருவரும் கையெழுத்திடுவதே வழி. நகராட்சி ஒப்புதல் தந்த வரைபடத்திலிருந்து விலகும் மாற்றமானால், குடிபுகும் சான்றிதழ் கிடைப்பதில் சிக்கல் வரும் என்பதால், திருத்திய வரைபடத்துக்கு முதலில் ஒப்புதல் பெறவேண்டும்.

புதிய வீடுகளின் குறைகளுக்கு உத்தரவாதம் தரும் தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தின் (NHBRC) பாதுகாப்பும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கிடைப்பதன்று. குடிபுகுந்த நாளிலிருந்து, பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு, கூரை ஒழுகலுக்குப் பன்னிரண்டு மாதம், வரைபடத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் மாறான குறைகளுக்கு மூன்றே மாதம். கூடுதலாகப் பணம் கொடுத்த வசதிகளில் பெரும்பாலானவை இந்த மூன்று மாதத்துக்குள்தான் அடங்கும். ஆகவே சாவியை வாங்கிய வாரத்திலேயே எல்லாக் குழாய்களையும் திறந்து, எல்லாப் பிளக்குகளையும் சோதித்து, குறைகளைக் கட்டடக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடவேண்டும். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு எடுத்து வைத்த புகைப்படம் இருந்தால், எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வாதத்துக்கே இடமிருக்காது.