கிரெடிட் கார்டைப் போனில் ஏற்றும்போது: பெங்களூரு தமிழர்களுக்கு

அல்சூர் மார்க்கெட்டில் கார்டு தேய்க்கும் மெஷின் இல்லாத கடையிலும் க்யூஆர் ஸ்டிக்கர் இருக்கும். அங்கே கிரெடிட் கார்டிலிருந்து பணம் கட்ட ரூபே (விசா போன்ற இந்திய நிறுவனம்) கார்டு வேண்டும். 2022 முதல் யுபிஐ-யில் சேர்க்க முடிகிற கிரெடிட் கார்டு அது ஒன்றுதான். விசா, மாஸ்டர்கார்டு வைத்திருப்பவர்கள், வங்கி அனுமதித்தால், என்எஃப்சி (தட்டிப் பணம் கட்டும் வசதி) உள்ள போனை மெஷினில் தட்டிக் கட்டலாம். கார்டு நம்பருக்குப் பதிலாக ஒரு டோக்கன் நம்பர்தான் கடைக்குப் போகும். அதை எடுத்து வேறு போனில் யாரும் பயன்படுத்த முடியாது.

ரூபே கார்டைச் சேர்க்க, கார்டுக்கு வங்கியில் கொடுத்த மொபைல் நம்பரின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். பெங்களூருக்கு வந்தவர்கள் பலர் தடுக்கி நிற்பது இங்கேதான். வங்கியில் இருப்பது ஊர் நம்பர். அது ரீசார்ஜ் இல்லாமல் இரண்டாவது சிம்மாகக் கிடக்கும். ஆப் அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனை அடையாளம் காண்கிறது. ரீசார்ஜ் செய்யுங்கள், ஆப் கேட்கும்போது சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள், வைஃபையை அணைத்துவிட்டு முயலுங்கள்.

பிறகு பீம் போன்ற ஆப்பில் (தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்) ரூபே கிரெடிட் கார்டைத் தேர்ந்து, வங்கியைக் காட்டி, கார்டின் கடைசி 6 இலக்கத்தையும் காலாவதி மாதம், வருடத்தையும் கொடுங்கள். ஓடிபி வந்ததும் புது யுபிஐ பின் வையுங்கள். ஏடிஎம் பின்னையே இங்கும் வைக்காதீர்கள். புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல் இருக்கலாம். அது பாதுகாப்புக்காக, கோளாறு இல்லை. கார்டுப் பணம் கடைக்காரரின் வணிக க்யூஆருக்குத்தான் போகும். தள்ளுவண்டிக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டியிருந்தால் மறுக்கும். அங்கே வங்கிக் கணக்கைத் தேர்ந்து கட்டுங்கள்.

யுபிஐ பின் போடும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறார்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் மோசடி.

போன் லாக் மட்டும் போதாது. திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். எனவே போன் செட்டிங்ஸில் சிம் லாக் (சிம்முக்கென்று தனி பின்) போடுங்கள். தொடக்க பின் என்ன என்று சிம் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறினால் பியூகே (சிம் பூட்டைத் திறக்கும்) நம்பர் கேட்கும், அதையும் 10 முறை தவறவிட்டால் சிம்மே போய்விடும்.

கணக்கில் பணம் கழிந்து கடைக்காரருக்குச் சேரவில்லை என்றால், 5 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதுவரை ஸ்கிரீன்ஷாட்டும் பரிவர்த்தனை எண்ணும் கையில் இருக்கட்டும்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், அடுத்து வங்கியில் சொல்லி கார்டையும் யுபிஐ-யையும் நிறுத்துங்கள். பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே தடை செய்யலாம். அதற்குப் போலீஸ் புகார் நகல் வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மோசடிக்காரன் எடுத்துவிடும் முன் சொன்னால், பணம் போன கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.