மொட்டை மாடிக் குழாய்க்கு ஒரு சட்டை

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அந்த அழுத்தத்தில் குழாயே பிளந்துவிடும் என்பதால், குளிர் நாடுகளில் குழாய்களுக்கு ஃபோம் உறை மாட்டி வைப்பார்கள். சென்னையில் நம் கஷ்டம் நேர்மாறானது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. அதே உறை இங்கேயும் உதவும். வெப்பம் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அதைத் தாமதப்படுத்துவதுதான் அதன் வேலை.

கடைக்கு ஓடும் முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மதியம் ஒரு வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிடுங்கள். ஒரு இஞ்ச் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடியில் பத்து மீட்டர் ஓடினால் ஐந்து லிட்டர். அவ்வளவு போனதும் சூடு தணிந்தால் குற்றவாளி குழாய். வாளி நிறைந்தும் கொதித்தால் குற்றவாளி டேங்க். அப்போது குழாய்க்குச் செலவு செய்வது வீண். டேங்க் மேல் கீற்றோ பச்சை வலையோ போட்டு நிழல் கொடுங்கள். காலையிலேயே முழுக்க நிரப்பிவிடுங்கள், நிறைய தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும்.

குழாய்தான் என்றால் அடுத்தது அளவு. முதல் தடவை நான் "ஒரு இஞ்ச்" என்று கேட்டு வாங்கி வந்த உறை குழாய்மேல் ஏறவே மறுத்தது. கடையில் சொல்லும் இஞ்ச் வேறு, வெளிச் சுற்று வேறு. ஒரு நூலைக் குழாயைச் சுற்றி அளந்துவிடுங்கள். ஒரு இஞ்ச் யூபிவிசி பிளாஸ்டிக் குழாய் என்றால் சுமார் 105 மில்லிமீட்டர் வரும், சிபிவிசி என்றால் 90. அதை 3.14ஆல் வகுத்தால் உறையின் உள்விட்டம் கிடைக்கும். ஏசி செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் என்று கேளுங்கள், ஏசி உதிரிபாகக் கடையில் கொடுப்பார்கள். கூடவே அலுமினிய டேப் ஒரு சுருள்.

வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மாடித் தரையில் கால் வைக்க முடியாது. குழாயின் தூசியை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒழுகும் ஜாயின்ட் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள், மூடிய பிறகு கண்ணில் படாது. உறையை நீளவாக்கில் கத்தியால் கீறிக் குழாயில் மாட்டுங்கள். கீறல் தரையைப் பார்த்து இருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. குழாய் திரும்பும் எல்போ வரும் இடத்தில் இரண்டு துண்டுகளையும் 45 டிகிரி சாய்வாக வெட்டினால் இடைவெளி இல்லாமல் சேரும். வால்வு கைப்பிடியை மூடாதீர்கள். டேங்கின் காற்றுக்குழாயை அடைக்கவே கூடாது.

கடைசியாக, அலுமினிய டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். வெறும் ஃபோமை விட்டால் நம் வெயிலில் அது வெடித்து உதிர்ந்துவிடும். டேப் போட்டால் வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் ஆயுள் கூடும்.

அப்புறம், உறை போட்டாலும் மதியம் முழுக்கத் திறக்காத குழாயில் முதலில் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள்.