படகுப் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்: துறைக்குத் துறை தரவு கொடுப்பது எப்படி

வடசென்னையில் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த ஃபோன் உங்களுக்கும் வந்திருக்கும்: "சார், உங்ககிட்ட இருக்கிற லிஸ்ட் முழுசா வேணும், பாதுகாப்பு விஷயம், அவசரம்." உடனே எக்செல் ஃபைல் கிளம்பும். அதற்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டு, அந்தப் பாஸ்வேர்டை அதே குரூப்பில் அடுத்த மெசேஜாகவும் போட்டுவிடுவார்கள். கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, கொடுத்துத்தான் ஆகவேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் நம் மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தித்தான் கரைக்குப் பக்கத்தில் வந்தார்கள். அதற்குப் பிறகு படகுப் பதிவேட்டை மீன்வளத்துறையின் சொந்த விஷயம் என்று யாரும் வைத்துக்கொள்ள முடியாது.

முதல் வேலை, கேள்வியை எழுத்தில் வாங்குவது. காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு ஒன்று இரவில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் வரும் வழியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தைக் காவல் காக்கும் போலீஸ் பிரிவான கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு என்ன தெரியவேண்டும்? அந்த எண்ணில் படகு பதிவாகியிருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, உரிமையாளரை எந்த நம்பரில் பிடிப்பது, அவ்வளவுதான். இதற்கு மொத்தப் பதிவேடு எதற்கு? எண்ணைத் தட்டினால் அந்த ஒரு படகின் விவரம் மட்டும் வருகிற மாதிரி ஒரு திரை செய்து கொடுங்கள், டவுன்லோட் பட்டனே அதில் இருக்கக்கூடாது. ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான எண்களைத் தட்டினால் உங்களுக்கு எச்சரிக்கை வரவேண்டும், ஏனென்றால் பட்டியலை ஒவ்வொன்றாகவும் உருவிவிடலாம்.

நகல் கொடுப்பதில் இன்னொரு தலைவலியும் உண்டு. மார்ச்சில் கொடுத்த நகலில் பழைய உரிமையாளர் பெயர் இருக்கும், படகு கைமாறி மாதக்கணக்காகியிருக்கும், நள்ளிரவில் போலீஸ் தட்டுவதோ பழையவர் கதவை. அப்புறம், படகு எண்ணை ஒரு துறை கோடு போட்டும் இன்னொன்று இடைவெளி விட்டும் எழுதினால் 'பதிவு இல்லை' என்று பொய்ப் பதில் வரும். எழுதும் முறையை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் ஆட்களைப் பற்றிய தரவுக்குத்தான். சரக்குத் தரவுக்கு நேர் எதிர், அதை யாரும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், கிட்டத்தட்ட 700 டன், மணலி கண்டெய்னர் கிடங்கில் 2020 வரை கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் அதே பொருள் வெடித்த பிறகுதான் இங்கே அதைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது, அந்த மாதமே ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்தக் கிடங்கு, எப்போதிலிருந்து: இந்த நான்கு விவரத்தில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. தீயணைப்புத் துறைக்கும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் இது தானாகவே போய்ச் சேரவேண்டும், இருப்பு மாறும்போதெல்லாம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே சரக்கு தனி, ஆள் தனி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தால் இரண்டுமே கெடும்.

ஆள் பெயரை வைத்துப் பொருத்திப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம். கே. செல்வம், செல்வம் கே., செல்வம் குப்பன் மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், தண்டையார்பேட்டையில் ஒரே தெருவில் இருக்கும் மூன்று பேராகவும் இருக்கலாம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் முன்னே பின்னே போகும். பெயர் ஒத்துப்போனால் விசாரிக்கத் தொடங்கலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று திரையிலேயே எழுதி வையுங்கள். செல் நம்பரை ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கு முறையால் வேறொரு குறியீடாக மாற்றி, கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து இலக்கம்தானே, எல்லா எண்களையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண கம்ப்யூட்டரே போதும். ரகசியச் சாவி சேர்த்த ஹாஷ் வேண்டும், அந்தச் சாவி பத்திரமாக இருக்கவேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது, அதைத் தொட வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவும் மீறக்கூடாது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கை செய்யும் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு, 'பாதுகாப்பு விஷயம்' என்று ஃபோனில் சொல்பவர் எல்லோருக்கும் இல்லை. ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவோ கைரேகையையும் கண்விழிப் பதிவையும் யாருடனும் எக்காரணத்துக்கும் பகிரக்கூடாது என்கிறது.

லாகின் ஆளுக்கு ஒன்று. மானிட்டரில் ஸ்டிக்கர் ஒட்டிய 'ஸ்டேஷன் லாகின்' இருந்தால் யார் பார்த்தார் என்று ஒருநாளும் தெரியாது. மாற்றல் உத்தரவு வந்த அன்றே பழையவர் லாகினை மூடிவிடுங்கள், நம் அலுவலகங்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும்: யார் எப்போது என்ன செய்தார் என்று காட்டும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தரவுக் கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்லவேண்டும், சர்வர் கடிகாரங்களை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். கடிகாரத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஆனால் உங்கள் லாக் 2.10 என்றும் தரவு கேட்ட துறையின் லாக் 2.17 என்றும் காட்டினால் யார் கேட்டு யார் கொடுத்தார் என்பது கோர்ட்டில் நிற்காது.

நடுராத்திரி ஃபோன் வந்தால்? கேட்டவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, அந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, கேட்ட ஒரு படகின் விவரத்தை மட்டும் சொல்லுங்கள். கேட்ட நேரம், சொன்ன பதில், காரணம் மூன்றையும் அப்போதே பதிவில் ஏற்றிவிட்டு, காலையில் எழுத்துக் கோரிக்கை வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். மதியம் வரை வரவில்லையென்றால் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.