பாட்டில் பசை போக எத்தில் அசிடேட்

செங்கோட்டையில் நாங்கள் தேன் அடைக்கப் பழைய கண்ணாடி பாட்டில்களைத்தான் கழுவி எடுக்கிறோம், அதில் பாதி புளியரை வழியாக கேரளாவிலிருந்து வருவது, மலையாள லேபிளை உரித்தாலும் பசை மட்டும் போகாது. அதற்கு எத்தில் அசிடேட் என்ற கரைப்பான் திரவம்தான் சரி. பழ வாசனை அடிக்கும், 77 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், துடைத்ததும் பறந்துவிடும். அசிட்டோன் இல்லாத நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றில் இருப்பதும் இதுதான்.

முதலில் வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரியுங்கள். பாட்டிலின் ஈரத்தை நன்றாகத் துடைத்த பிறகு, பருத்தித் துணியில் கொஞ்சம் நனைத்துப் பசைமேல் இரண்டு நிமிடம் வைத்து, அழுத்தித் துடையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர். பிளாஸ்டிக் மூடியில் தடவாதீர்கள், தெர்மோகோல் பக்கத்திலேயே வேண்டாம், அது கரைந்தே போகும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் விளையாடவே கூடாது. மைனஸ் 4 டிகிரியிலேயே இதன் ஆவி தீப்பிடிக்கும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறை அடுப்பு வரைக்கும் போய்விடும். ஆடி மாதச் சாரலுக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், தலை சுற்றும். திண்ணையில் வைத்துச் செய்யுங்கள்.

மிச்சத்தைக் கண்ணாடியிலோ தகர டின்னிலோ இறுக மூடி வையுங்கள். ஈரம் சேர்ந்தால் மெல்ல அசிட்டிக் அமிலமாகவும் எத்தனாலாகவும் பிரியும், வினிகர் வாடை வந்தால் அந்த டின் கெட்டுவிட்டது.